போட்டோவ வீட்லயே பிரிண்ட் போடறதா, லேப்ல குடுக்கறதா? வேலூர் பக்கம் இருக்கறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

போன்ல ஆயிரக்கணக்குல போட்டோ கெடக்குது. அதுல கொஞ்சத்த கையில புடிச்சு பாக்கணும், செவுத்துல மாட்டணும், ஊர்ல இருக்கற பாட்டிக்கு குடுத்து அனுப்பணும்னு ஆசை வந்தா அடுத்து வர்ற கேள்வி, ஒரு பிரிண்டர் வாங்கி வீட்லயே போட்டுக்கலாமா இல்ல கடைல குடுத்துரலாமான்னுதான். சத்துவாச்சாரி, காட்பாடி, குடியாத்தம், ஆற்காடுன்னு நம்ம பக்கம் யார் கேட்டாலும் நான் சொல்றது ஒண்ணுதான். பிரிண்டர் வெலைய பாக்கறதுக்கு முன்னாடி அந்த படம் எங்க போகப்போகுதுன்னு பாருங்க. செவுத்துக்கும் ஆல்பத்துக்கும் போற படம் லேப்புக்கு போகட்டும். வாரா வாரம் ஏதாவது ஒண்ணு பிரிண்ட் போட்டுக்கினே இருக்கற வீடா இருந்தா மட்டும் பிரிண்டர் வாங்குங்க. இத வச்சு நீங்களே எப்படி முடிவு பண்றதுன்னு படிப்படியா சொல்றேன்.

படி 1: படத்த மூணா பிரிங்க

கேலரிய தொறந்து பிரிண்ட் போட நெனைக்கறத எல்லாம் மூணு ஃபோல்டரா போடுங்க. ஒண்ணு, வருஷக்கணக்கா இருக்க வேண்டியது: கல்யாணம், காதுகுத்து, கொழந்தையோட மொத பொறந்தநாளு, தாத்தா பாட்டி படம். ரெண்டாவது, கைல குடுத்துட்டு மறந்துடறது: ஏலகிரி டூர்ல எடுத்தது, ஸ்கூல் பிராஜெக்ட்டுக்கு ஒட்டறது, ஃபிரிட்ஜ் மேல ஒட்டறது. மூணாவது அவசரம், அதாவது பாஸ்போர்ட் சைஸ், ஃபார்ம்ல ஒட்டறது.

மொத ஃபோல்டர் பத்தி கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா இதுலதான் நெறைய பேர் ஏமாந்து போறாங்க. நம்ம வீடுங்கள்ல பெரியவங்க படத்துக்கு அமாவாசைக்கு மாலை போடறோம், சந்தனம் குங்குமம் வைக்கறோம். பூக்கடைல தண்ணி தெளிச்சு குடுத்த மாலை, அது கண்ணாடி மேல சொட்டும், சொட்டி கீழ ஃபிரேம் விளிம்புல தேங்கும், அங்கேருந்து உள்ள எறங்கி பின்னாடி அட்டைக்கும் படத்துக்கும் நடுவுல ஊறும். சாதா பேப்பர்ல டை இங்க்ல (தண்ணில கரையற சாய இங்க்) போட்ட வீட்டு பிரிண்டா இருந்தா கீழேருந்து கலர் கரைய ஆரம்பிக்கும், வெள்ள வேட்டி ஓரத்துல ஊதாவா ஒரு கறை மொதல்ல தெரியும், அப்பறம் அது மெதுவா மேல ஏறும். லேப்ல போட்ட பிரிண்ட் அப்படி கரையாது, ஏன்னா அதுல இங்க்கே கெடையாது. சில்வர் ஹாலைடு பூசின பேப்பர் மேல வெளிச்சத்தால படத்த பதிய வச்சு கெமிக்கல்ல கழுவி எடுக்கறாங்க, கலர் பேப்பரோட பூச்சுக்குள்ளயே உருவாகுது. நனைஞ்சா பேப்பர் வளையும், கண்ணாடியோட ஒட்டிக்கலாம், ஆனா முகம் ஒழுகிப் போகாது. அதனால மாலை போடற படம்னா யோசிக்கவே வேணாம், லேப்தான். ஃபிரேம் போடறவர்கிட்ட கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல சின்ன இடைவெளி விட்டு போடச் சொல்லுங்க, இல்லனா லேமினேஷன் பண்ணி பலகைல ஒட்டித் தரச் சொல்லுங்க.

தண்ணி மட்டும் இல்ல, வெயிலும் காத்தும் கூட இங்க்க மங்க வைக்கும். மேக்கால ஜன்னலுக்கு எதிர் செவுத்துல, கண்ணாடி இல்லாம மாட்டுன இங்க்ஜெட் பிரிண்ட் (பேப்பர் மேல இங்க்க தெளிச்சு போடறது), அதுவும் வெல கம்மியான லோக்கல் இங்க் லோக்கல் பேப்பர்னா, ஒரு வருஷம் கூட தாங்காம வெளுக்கறத பாக்கலாம். 1990கள்ல ஃபிலிம் ரோல் கழுவி போட்ட கலர் பிரிண்ட் உங்க வீட்டு ஆல்பத்துலயே இருக்கும், எடுத்துப் பாருங்க, இன்னும் முகம் தெளிவா இருக்கும்.

ரெண்டாவது மூணாவது ஃபோல்டருக்கு இவ்ளோ கவலை தேவையில்ல. அது வீட்லயும் போடலாம், ஜெராக்ஸ் கடைலயும் போடலாம்.

படி 2: வருஷத்துக்கு எத்தனன்னு கணக்கு போடுங்க

நேர்மையா போடுங்க. இப்ப ஆசையில எரநூறு படம் செலக்ட் பண்ணி வச்சிருப்பீங்க, அது ஒரு தடவ வேலை. அது முடிஞ்சப்பறம் மாசத்துக்கு எத்தன போடுவீங்கங்கறதுதான் கேள்வி.

ஒரு உதாரணம் சொல்றேன், இதுல இருக்கற ரேட்டு எல்லாம் கணக்குக்காக நான் வச்சிக்கினதுதான், நீங்க உங்க ஊர் ரேட்ட கேட்டு மாத்திக்கோங்க. லேப்ல ஒரு 4×6 இன்ச் படம் பன்னெண்டு ரூபா, வீட்ல பேப்பர் இங்க் சேத்து ஆறு ரூபா, பிரிண்டர் 15,000 ரூபான்னு வச்சிக்குவோம். ஒரு படத்துக்கு ஆறு ரூபா மிச்சம். 15,000 ரூபா திரும்ப வரணும்னா 2,500 படம் போடணும். மாசத்துக்கு இருபது படம்னா பத்து வருஷத்துக்கு மேல ஆகுது. அதுக்குள்ள பிரிண்டர் ஹெட், அதாவது இங்க்க தெளிக்கற பாகம், போயிருக்கும். இதே பசங்க ஸ்கூல் வேலை, ஆன்லைன் கிளாஸ் நோட்ஸ், ஆபீஸ் பேப்பர்னு அந்த பிரிண்டர் மத்த வேலைக்கும் ஓடும்னா கணக்கே வேற, அப்ப போட்டோங்கறது கூட வர்ற லாபம்.

பிரிண்டர் பெட்டில ஒரு பாட்டில் இங்க்குக்கு இத்தன ஆயிரம் பக்கம்னு போட்டிருப்பாங்க. அது எழுத்தும் சின்ன சின்ன படமும் இருக்கற ஆபீஸ் பக்கத்துக்கு போட்ட கணக்கு. போட்டோன்னா பேப்பர் முழுக்க மூலைக்கு மூலை இங்க் போகுது, அதனால அந்த நம்பர நம்பி கணக்கு போடாதீங்க. ஹெட் கிளீனிங் ஓட்டும்போது போற இங்க்கும் சேரும்.

படி 3: ஃபைல செக் பண்ணுங்க

எங்க போட்டாலும் ஃபைல் நல்லா இல்லனா பிரிண்ட் நல்லா வராது. கைல வச்சு பாக்கற படத்துக்கு இன்ச்சுக்கு 300 பிக்சல் இருந்தா ரொம்ப நல்லது. 4×6-க்கு 1200×1800 பிக்சல் போதும், அது வெறும் 2 மெகாபிக்சல் சொச்சம், எந்த போனும் தரும். 8×12-க்கு 2400×3600. அதே 2400×3600 ஃபைல 12×18-க்கு பெருசாக்கினா இன்ச்சுக்கு 200 பிக்சல் வரும், செவுத்துல மாட்டி தள்ளி நின்னு பாக்கறதுக்கு அது போதும்.

பிரச்சன எங்க வரும்னா வாட்ஸ்அப். அண்ணன் அனுப்புன கல்யாண போட்டோ, அத அப்படியே டவுன்லோட் பண்ணி லேப்ல குடுத்து 12×18 போடுங்கன்னு சொன்னா மொகம் எல்லாம் மெழுகு மாதிரி வரும். வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்புனா நீள பக்கம் சுமார் 1600 பிக்சலுக்கு சுருங்கிடும், மேல அமுக்கியும் அனுப்பும். 4×6-க்கு அது சமாளிக்கும், 8×12-க்கே இன்ச்சுக்கு 133 பிக்சல்தான் மிஞ்சும். அதனால யார்கிட்ட கேட்டாலும் டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க, இல்ல டிரைவ் லிங்க் கேளுங்க. லேப்காரர் நம்பருக்கு நீங்க அனுப்பும்போதும் அதேதான், போட்டோவா இல்லாம டாக்குமென்ட்டா.

அடுத்தது அளவு. போன் கேமரா பொதுவா 4:3, 4×6 பேப்பர் 3:2. ரெண்டும் பொருந்தாது. பேப்பர் முழுக்க ரொப்பணும்னா, போன படுக்க வச்சு எடுத்த படத்தோட உயரத்துல ஒம்பதுல ஒரு பங்கு வெட்டுப்படும். கோட்டைல ஜலகண்டேஸ்வரர் கோயில் முன்னாடி நிக்க வச்சு எடுத்த குரூப் போட்டோன்னு வைங்க, கோபுரமும் முழுசா வரணும் ஆளுங்க காலும் வரணும்னு ஃபிரேம் ஓரம் வரைக்கும் ரொப்பி எடுத்திருப்பீங்க, பிரிண்ட்ல கோபுரத்து கலசம் போயிருக்கும், இல்ல செருப்பு போயிருக்கும். வழி ரெண்டு இருக்கு. ஓரத்துல வெள்ள பார்டர் விட்டு முழு படமும் வர்ற மாதிரி போடச் சொல்லலாம். இல்லனா 6×8 சைஸ் கேளுங்க, அது 4:3-க்கு கரெக்ட்டா பொருந்தும், ஒண்ணும் வெட்டுப்படாது. போன்ல எடுத்த படத்துக்கு 6×8 ரொம்ப நல்ல சைஸ், ஆனா யாரும் கேக்கறதில்ல.

பழைய படத்த பெருசாக்கறவங்களுக்கு ஒரு விஷயம். தாத்தாவோட ஒரே படம் பழைய பாஸ்போர்ட் சைஸ்தான்னா போன்ல ஃபோட்டோ எடுத்து குடுக்காதீங்க, ஸ்கேனர்ல 1200 டிபிஐ (இன்ச்சுக்கு 1200 புள்ளி) வச்சு ஸ்கேன் பண்ணுங்க. 35×45 மில்லிமீட்டர் படம் அப்படி பண்ணா 1650×2120 பிக்சல் கிட்ட வரும், 8×10 வரைக்கும் போடலாம். ஒரிஜினல்ல இல்லாத தெளிவு வராது, ஆனா இருக்கறது வீணாகாது.

படி 4: லேப்ல குடுக்கறதா இருந்தா

வேலூர்ல லாங் பஜார், ஆபீசர்ஸ் லைன், காந்தி நகர் பக்கம் எங்கயாவது போவீங்க, சின்ன ஊர்ல இருந்தா ஸ்டூடியோல குடுப்பீங்க, அவங்க பெரிய லேப்புக்கு அனுப்பி வாங்கித் தருவாங்க. எங்க குடுத்தாலும் மொதல்ல கேக்க வேண்டியது, "அண்ணா, இது லேப் பிரிண்டா, இங்க்ஜெட்டா?" ரெண்டும் பளபளன்னு ஒரே மாதிரிதான் இருக்கும், போர்டுல ரெண்டுக்கும் டிஜிட்டல் பிரிண்ட்னுதான் எழுதியிருக்கும். அவசரத்துக்கு அஞ்சு நிமிஷத்துல குடுக்கற இடம் பெரும்பாலும் இங்க்ஜெட். தப்பில்ல, பாஸ்போர்ட் சைஸுக்கு அது போதும், ஆனா அம்பது வருஷம் இருக்கணும்னு நெனைக்கற படத்துக்கு கேட்டு தெரிஞ்சிக்கினு குடுங்க. சந்தேகமா இருந்தா வேஸ்ட் பிரிண்ட் ஒண்ணோட மூலைல ஒரு சொட்டு தண்ணி வச்சு ஒரு நிமிஷம் விட்டு தொடைங்க, கலர் வந்தா அது இங்க்தான். வரலன்னா முடிவா சொல்ல முடியாது, நல்ல இங்க்ஜெட் பேப்பரும் தாங்கும்.

ரெண்டாவது, கலர். இத நான் எல்லார்கிட்டயும் அழுத்திச் சொல்வேன். நெறைய எடத்துல கேக்காமலேயே பிரைட்னஸ் ஏத்தி, முகத்த வெளுப்பாக்கி, தோல வழவழன்னு பண்ணி குடுத்துடறாங்க. நம்ம அம்மாவோட நெறம் நம்ம அம்மாவோட நெறம்தான், அது படத்துல அப்படியே இருக்கணும். குடுக்கும்போதே சொல்லிடுங்க, "ஸ்கின்ன வெளுக்க வேணாம், சுருக்கத்த எடுக்க வேணாம், உள்ளத உள்ளபடி போடுங்க." பில்லு மேலயே எழுதச் சொல்லுங்க.

மூணாவது, மேட்டா கிளாஸியா. அடிக்கடி கை படற ஆல்பம்னா மேட், வெரல் ரேகை தெரியாது. கண்ணாடிக்குள்ள போற படத்துக்கும் மேட்தான் நல்லது. கண்ணாடி போடாம சும்மா வச்சு பாக்கறதுக்கு கிளாஸி அழகா இருக்கும்.

நெறைய படம் போடறதா இருந்தா மொதல்ல நாலஞ்சு படத்த மட்டும் டெஸ்ட்டுக்கு போட்டு பாருங்க. அதுல ஒண்ணு வெயில்ல எடுத்தது, ஒண்ணு ராத்திரி மண்டபத்து லைட்டுல எடுத்தது, ஒண்ணு பட்டுப்புடவை அதிகமா இருக்கறதுன்னு இருக்கட்டும். போன் ஸ்க்ரீன் வெளிச்சம் விடும், பேப்பர் விடாது, அதனால போன்ல நல்லா தெரிஞ்ச படம் பேப்பர்ல ஒரு படி இருட்டாதான் வரும். போன் பிரைட்னஸ பாதிக்கு கொறச்சு வச்சு பாத்தீங்கன்னா எந்த படம் இருட்டா வரும்னு முன்னாடியே தெரிஞ்சிடும், அத மட்டும் கொஞ்சம் ஏத்தி குடுங்க.

பென் டிரைவ்ல குடுக்கறதா இருந்தா அதுல போட்டோ தவிர வேற எதுவும் வைக்காதீங்க. கடை கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கும், திரும்பி வந்ததும் ஃபார்மட் பண்ணிடுங்க. அப்பறம் முக்கியமா, வேலை முடிஞ்சதும் "அண்ணா, ஃபைல டெலிட் பண்ணிடுங்க"ன்னு நின்னு சொல்லி, ரீசைக்கிள் பின்னும் காலி பண்றத பாத்துட்டு வாங்க. வீட்டுப் பொம்பளைங்க கொழந்தைங்க படம், ஆதார் கார்டு படம் எல்லாம் யாரோ ஒருத்தர் கம்ப்யூட்டர்ல கெடக்க வேணாம். நல்ல கடைக்காரங்க இத கேட்டா கோச்சிக்க மாட்டாங்க.

ஆன்லைன்ல அப்லோட் பண்ணி கூரியர்ல வாங்கறதும் இதே வேலைதான். அங்க பேச ஆள் கெடையாது, அதனால எந்த படம் எங்க வெட்டுப்படுதுன்னு பிரிவியூல ஒவ்வொண்ணா பாத்துட்டு ஓகே குடுங்க, ஆட்டோ கரெக்ஷன் ஆப்ஷன் இருந்தா எடுத்து விடுங்க.

பாஸ்போர்ட் சைஸுக்கு ஒரு சிக்கன வழி இருக்கு. 35×45 மில்லிமீட்டர் படம் ஒரு 4×6 ஷீட்ல எட்டு புடிக்கும். ஃப்ரீ ஆப்ல எட்டா அடுக்கி ஒரே ஃபைலா சேவ் பண்ணி லேப்ல ஒரு 4×6 போட்டா ஒரு படத்து ரேட்டுல எட்டு கெடைக்கும், வெட்டறது மட்டும் உங்க வேலை. ஃபார்ம்ல வேற அளவு கேட்டிருக்காங்களான்னு பாத்துக்கோங்க, அமெரிக்க விசாவுக்கெல்லாம் 2×2 இன்ச்.

படி 5: வீட்லதான்னு முடிவு பண்ணா

லேசர் பிரிண்டர் வாங்காதீங்க, அது டாக்குமென்ட்டுக்கு. போட்டோவுக்கு ரெண்டே வகைதான் பாக்கணும்.

ஒண்ணு இங்க் டேங்க் இங்க்ஜெட். இதுல நாலு கலர் இருக்கறதுதான் பொதுவா வீட்டுக்கு வாங்கறது, எப்சன் எல்3250 மாதிரி. எல்லா வேலையும் செய்யும், போட்டோவும் சுமாரா நல்லாவே வரும். போட்டோதான் முக்கியம்னா ஆறு கலர் பாருங்க, எல்8050 மாதிரி, அதுல லைட் சியான் லைட் மெஜந்தா கூட இருக்கறதால கன்னம், ஆகாசம் மாதிரி மெதுவா மாறற எடத்துல புள்ளி புள்ளியா தெரியாது. பிளாக் அண்ட் ஒயிட் படம் கலர் இங்க்ஜெட்ல லேசா பச்சையாவோ ரோஸாவோ அடிக்கறது சகஜம், அத லேப்புக்கு விட்டுடுங்க.

இன்னொண்ணு டை சப்ளிமேஷன், கேனன் செல்ஃபி சிபி1500 மாதிரி சின்ன பெட்டி. இதுல இங்க் பாட்டில் கெடையாது, ரிப்பன்ல இருக்கற சாயம் சூட்டுல பேப்பர்ல ஏறும். பேப்பர் நாலு தடவ உள்ள போய் வெளிய வரும், மஞ்சள், மெஜந்தா, சியான், கடைசியா மேல ஒரு பாதுகாப்பு பூச்சு. பேப்பரும் ரிப்பனும் சேந்தே 108 ஷீட் பேக்கா வரும், அதனால ஒரு படத்துக்கு என்ன ஆகுதுன்னு வகுத்தா தெளிவா தெரியும், கொஞ்சம் கூடத்தான் ஆகும். 4×6-க்கு மேல வராது. ஆனா மாசக்கணக்கா தொடாம வச்சாலும் ஹெட் அடைக்காது, காயறதுக்கு அதுல இங்க்கே இல்ல. எப்பவாவது போடுவேன், ஆனா வீட்லயே வேணும்ங்கறவங்களுக்கு நான் இதத்தான் சொல்வேன். உள்ள தூசி போனா படத்துல வெள்ளப் புள்ளி வரும், நம்ம ஊர் தூசிக்கு மூடியே வைங்க.

இங்க்ஜெட் வாங்கறவங்க கீழ சொல்றத விடாம பண்ணணும். வேலூர் வெயிலுக்கு இது சாதாரண விஷயம் இல்ல. எப்சன் மாதிரி வீட்டு பிரிண்டருங்க மேனுவல்ல 10-லேருந்து 35 டிகிரி வரைக்கும்தான் ஓட்டச் சொல்றாங்க, நம்ம பக்கம் கத்திரியில 40-அ தாண்டுது. மொட்டமாடி ரூம்லயும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு கீழயும் பிரிண்டர வைக்காதீங்க, மே மாசம் காலைல சீக்கிரம் இல்ல ராத்திரி போடுங்க.

ஆஃப் பண்றது எப்பவும் பிரிண்டர் பட்டன்ல. செவுத்து சுவிட்ச்ச தட்டி அணைக்கற பழக்கம்தான் பாதி பிரிண்டர கெடுக்குது. பட்டன்ல அணைச்சாதான் ஹெட் ஓரமா போய் ரப்பர் மூடி மேல ஒக்காரும், சுவிட்ச்ச தட்டினா ஹெட் நடு வழில நின்னுடும், இந்த வெயிலுக்கு ரெண்டு நாள்ல நுனில இங்க் காஞ்சிரும். பிரிண்ட் ஓடும்போது கரண்ட் போச்சுன்னா, வந்ததும் ஒருதடவ ஆன் பண்ணி பட்டன்லயே ஆஃப் பண்ணுங்க.

வாரத்துக்கு ஒரு தடவையாவது கலர்ல ஏதாவது போடுங்க. போட்டோ போடறதுக்கு முன்னாடி நாசில் செக் (ஹெட்ல இங்க் வர்ற ஓட்டை அடைச்சிருக்கான்னு பாக்கறது) ஓட்டுங்க, சாதா பேப்பர்ல படிக்கட்டு மாதிரி மெல்லிசு கோடுங்க ஒவ்வொரு கலர்லயும் வரும். மஞ்சள் கோடு கண்ணுக்கு சரியா தெரியாது, ஜன்னல் வெளிச்சத்துல சாச்சு வச்சு பாருங்க. ஒரு கோடு உட்டுப்போயிருந்தா ஹெட் கிளீனிங் ஒருதடவ ஓட்டி மறுபடி செக் பண்ணுங்க. ரெண்டு மூணு தடவைக்கு மேல வரிசையா ஓட்டாதீங்க, இங்க் வீணாகி, கழிவு இங்க்க உறிஞ்சற வேஸ்ட் பேட் ரொம்பும், ஒரு ராத்திரி விட்டு மறுநாள் ஓட்டினா பல நேரம் தானா தொறந்துக்கும்.

பேப்பர்ல மிச்சம் புடிக்காதீங்க. 200 ஜிஎஸ்எம்முக்கு (பேப்பர் எவ்ளோ கனம்ங்கற அளவு) மேல நல்ல போட்டோ பேப்பர், முடிஞ்சா பிரிண்டர் கம்பெனியோடதே. செட்டிங்ஸ்ல பேப்பர் டைப்ப மாத்த மறந்துடாதீங்க. பிளெய்ன் பேப்பர்னே விட்டா நல்ல பேப்பர்லயும் படம் மங்கலா, கோடு கோடா வரும். பேப்பரோட பளபள பக்கம் எதுன்னு தெரியலன்னா வெரல லேசா ஈரம் பண்ணி மூலைல தொடுங்க, ஒட்டற பக்கம்தான் பிரிண்ட் பக்கம். மீதி பேப்பர ஐப்பசி கார்த்திகை மழையில வெளிய வச்சா ஈரம் இழுத்துக்கும், அதே கவர்ல போட்டு ஜிப்லாக் பண்ணி படுக்க வச்சு வைங்க.

வெளிய வந்த படத்த உடனே ஃபிரேம்ல போடாதீங்க, ஆல்பம் கவர்ல சொருகாதீங்க. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காம ஒரு நாள் ஃபேனுக்கு நேரா இல்லாத எடத்துல பரப்பி வைங்க. முழுசா காயாம கண்ணாடிக்குள்ள போனா உள்ள பனி மாதிரி ஒரு படலம் படியும்.

ஊருக்கு போறதுக்காக ஒரு மாசம் வீட்ட பூட்டறீங்கன்னா போறதுக்கு மொத நாள் ஒரு கலர் பக்கம் போட்டுட்டு, பட்டன்ல அணைச்சு, அப்பறம் பிளக்க புடுங்கிட்டு, துணி போட்டு மூடிட்டு போங்க. வந்ததும் மொத வேலையா போட்டோ போடாதீங்க, நாசில் செக் ஓட்டி பாத்துட்டு ஆரம்பிங்க.